மயில் முந்தியா, மனம் முந்தியா?

அகராதியைப் புரட்டும்போது உங்கள் கண் என்ன வேலை செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ‘மயில்’, ‘மனம்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் முதலெழுத்து ‘ம’. அதை விட்டுவிடுகிறோம். அடுத்த எழுத்துகளில் ஒன்று ‘ய’ வரிசை, மற்றது ‘ன’ வரிசை. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஆகவே மயில்தான் முந்தியது. எஞ்சிய எழுத்துகளை நாம் பார்ப்பதே இல்லை.

இதே கேள்வியை ஒரு கணிப்பொறி மொழியிடம் கேட்போம். எக்ஸ்.எம்.எல். முறையில் குறித்து வைத்த தகவலை வலைப்பக்கமாகவோ அச்சுப் பக்கமாகவோ உருமாற்றித் தருவதற்கென்றே அமைந்த மொழி எக்ஸ்.எஸ்.எல்.டி. அதில் எழுதும் நிரலுக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். இம்மொழியின் முதல் பதிப்பு 1999 நவம்பரில் வெளியாயிற்று. அதனிடம், ‘மயில் என்னும் சொல் மனம் என்பதைவிடச் சிறியதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று விடை வரும். ‘அப்படியானால் பெரியதா?’ அதற்கும் ‘இல்லை’! ‘இரண்டும் சமமா?’ அதுவும் ‘இல்லை’!

இது என்ன விந்தை? சிறியது, பெரியது என்னும் குறிகள் அந்தப் பதிப்பில் எண்களுக்கே உரியவை. சொல்லைக் கொடுத்தால் முதலில் அதை எண்ணாக மாற்றப் பார்க்கும். மயில் எப்படி எண்ணாகும்? ‘இது எண் அல்ல’ என்ற தனிக் குறிப்பு ஒன்றை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளும். அக்குறிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. ஒரு நூலகப் பட்டியலைத் தயாரிப்பவர், தவறு நேர்ந்ததே தெரியாமல் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

பட்டியல் முழுவதையும் வரிசைப்படுத்தும் கட்டளை ஒன்று அதில் உண்டு. ஆனால் இரண்டு சொற்களைக் கொடுத்து ‘எது முந்தியது?’ என்று கேட்க வேண்டுமானால் நாமே வழி செய்ய வேண்டும்.

பல மொழிகளில் இது எளிது. ‘இடம்’ என்று பெயரிட்ட ஒரு பெட்டியில் முதலில் 1 என்று வைப்போம். பிறகு அதை அழித்து 2, அடுத்து 3 என்று எழுதிக்கொண்டே போவோம். எக்ஸ்.எஸ்.எல்.டி.யில் இது நடக்காது. பெட்டியில் ஒருமுறை எழுதியதை மாற்றவே முடியாது! இது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த விதி. எந்தப் பெட்டியும் இடையில் மாறாது என்றால், நிரலின் பகுதிகளை எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே. கணக்கில் சார்பு என்று படிக்கிறீர்களே, அதைப் போல: அதே மதிப்பைக் கொடுத்தால் எப்போதும் அதே விடை. இப்படிச் சார்புகளைக் கொண்டே நிரல் எழுதுவதைச் சார்பு முறை நிரலாக்கம் என்பர்.

பெட்டியை மாற்றாமல் அடுத்த எழுத்துக்கு எப்படிப் போவது? கேள்வியையே மறுபடி கேட்க வேண்டியதுதான். இரண்டு சொற்களும் ஒன்றாகத் தீர்ந்துவிட்டால் அவை சமம். ஒன்று மட்டும் தீர்ந்தால் அதுவே முந்தியது. முதலெழுத்துகள் வேறானால் அவற்றைக் கொண்டு விடை சொல். ஒன்றேயானால் அவ்வெழுத்தை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை வைத்து இதே கேள்வியைக் கேள். தன்னைத் தானே அழைக்கும் இந்த முறைக்குத் தற்சுழற்சி என்று பெயர். நம் கண் அகராதியில் செய்ததும் இதைத்தான்.

இரண்டு எழுத்துகளில் எது முந்தியது என்பதைக் கணிப்பொறி எப்படி அறியும்? யூனிகோடு குறியீட்டில் ‘ன’வுக்கு 2985, ‘ய’வுக்கு 2991. இவ்வெண்களை நம்பினால் மனம் முந்திவிடும்! ஆகையால் வேறோர் உபாயம். ‘கஙசஞடணதநபமயரலவழளறன’ என்று ஒரு சரத்தை எழுதி வைப்போம். ஓர் எழுத்துக்கு முன்னால் அச்சரத்தில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணச் சொல்வோம். ‘ய’வுக்கு 10, ‘ன’வுக்கு 17. சிறிய எண் உடையது முந்தியது. (கணிப்பொறிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். மயில் என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. ஆகவே அவற்றையும் சரத்தில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.)

இன்னும் ஒரு படி மேலே போகலாம். எழுத்துகளை ஒப்பிடும் சார்பையே சொற்களை ஒப்பிடும் சார்பின் கையில் கொடுத்துவிட்டால்? தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். பெரிய சார்பைத் தொடவே வேண்டாம். முதல் பதிப்பில் இதற்கு நேர்வழி இல்லை. ஆயினும் அதைக் கொண்டே இப்படிச் செய்ய முடியும் என்று டிமித்ரே நோவாச்சேவ் 2001-இல் செய்து காட்டினார். 2017-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இது மொழியின் அங்கமாகவே ஆகிவிட்டது. சொற்களை ஒப்பிடும் வசதியோ 2007-இல் இரண்டாம் பதிப்போடு வந்தது.

தற்சுழற்சியில் ஒரு சிக்கலும் உண்டு. 10,000 குறிகள் வரை ஒத்துப்போகும் இரண்டு சரங்களைக் கொடுத்தால், கேள்விக்குள் கேள்வியாக 10,000 அடுக்குகள் சேரும். சில செயலிகள் பாரம் தாங்காமல் நின்றுவிடும். சரங்களைப் பாதியாகப் பிளந்து, முன்பாதிகள் ஒத்திருந்தால் மட்டும் பின்பாதிகளைப் பார்த்தால் 14 அடுக்குகளே போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நமது சரத்தில் ‘ஜ’ இல்லை. இல்லாத எழுத்தைத் தேடினால் அதற்கு முன்னால் உள்ளவை 0 என்றே இம்மொழி சொல்லும். அப்படியானால் ‘கதவு’, ‘ஜன்னல்’ இரண்டையும் கொடுத்தால் விடை என்ன வரும்? தாளில் எழுதிப் பாருங்கள்.