யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்: திட்டமிடலின் அலகு எது?

1. முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டுமே ஓடிக் கடனீரேரியில் கலந்துவிடுகிறது. நீரைத் தேக்கிவைப்பதற்கு மலைகளும் இல்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 583,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களது குடிநீரும் தோட்டப் பயிர்களுக்கான நீரும் பெரும்பாலும் கிணறுகளிலிருந்தே பெறப்பட்டு வந்துள்ளன. ஒரு நிலப்பரப்பின் எதிர்காலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நீரொன்றில் தங்கியிருப்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

குடாநாட்டின் நீர்ப் பிரச்சினை பெரும்பாலும் பற்றாக்குறைப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. திட்டமிடல் எந்த அலகை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்னும் வினா அதனினும் அடிப்படையானது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. மரபு கிணற்றை அலகாகக் கொண்டது. அரசு திணைக்களத்தை அலகாகக் கொண்டது. நீரோ இவ்விரண்டு எல்லைகளுக்கும் உட்படாதது.

2. நன்னீர் வில்லையின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல்லால் ஆனது. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து அதில் வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியுள்ளது. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆண்டு மழைவீழ்ச்சியின் பெரும்பகுதி இக்காலத்திலேயே கிடைக்கிறது. மேலேயுள்ள மெல்லிய செம்மண் படையினூடாக அந்நீர் விரைந்து கீழிறங்குகிறது. மூன்று பக்கமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்திருப்பதால் பாறையின் ஆழத்தில் உவர்நீர் நிறைந்துள்ளது. நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது உவர்நீரின்மேல் இருபுறம் குவிந்த வில்லையொன்றின் வடிவில் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவதும், கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இவ்வமைப்பின் வெளிப்பாடுகளே.

இவ்வில்லையின் கணக்கை நெதர்லாந்தைச் சேர்ந்த படோன் கைபனும் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே விளக்கினர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நிற்கும். மறுதலையாக, நீர்மட்டம் 25 சென்ரிமீற்றர் தாழ்ந்து அந்நிலையிலேயே நீடித்தால், உவர்நீரின் எல்லை கீழிருந்து 10 மீற்றர் அளவுக்கு மேலேறும். வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லில் இவ்விதி அண்ணளவாகவே பொருந்தும். எனினும் அது உணர்த்தும் செய்தி ஐயத்துக்கு இடமற்றது: மேலே சிறிதெனத் தோன்றும் இழப்பு கீழே பேரிழப்பாகிறது. அயற்காணியில் மிகையாக இறைக்கப்படும் நீர் தன் கிணற்றை உவராக்கக்கூடும்.

3. துலாவும் இயந்திரமும்

குடாநாட்டுக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது நெடுநாள் வழக்கம். பங்குக் கிணற்றில் இறைப்பு முறைவைத்து நடைபெற்றது. கிணற்றடியில் நீதியை நிலைநாட்டிய இவ்வழக்கு, நிலத்தடியில் உள்ள மொத்த நீர் குறித்து எதுவும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. துலா மிதிப்பவரின் கால்வலிமையும் பட்டையின் கொள்ளளவுமே இறைப்பின் எல்லையைத் தீர்மானித்தன. கட்டுப்பாடு சட்டத்தில் அன்றிக் கருவியிலேயே அடங்கியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது அந்த எல்லை நீங்கியது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் குடாநாட்டுத் தோட்டச் செய்கை பெருவருவாய் ஈட்டியது. இறைப்பும் உரப் பயன்பாடும் கூடவே பெருகின. அக்கால விவசாயிகளின் உழைப்பையோ முயற்சியையோ குறைகூற இடமில்லை. பழைய கருவியோடு நீங்கிய கட்டுப்பாட்டுக்கு ஈடாகப் புதிய விதி எதுவும் வகுக்கப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. மேலிருந்து இறங்கும் மாசு

மழைநீரை விரைந்து உள்வாங்கும் அதே மண் மாசையும் விரைந்து உள்வாங்குகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். செறிவான தோட்டச் செய்கை நடைபெறும் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு தாண்டப்பட்டிருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்துள்ளன. மிகையான நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லாத நகர்ப்புறங்களில், சிறிய காணிகளுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்திருப்பது மற்றொரு காரணம்.

1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட இடங்களில், நீரை வடிகட்டும் மேற்படையே இல்லாமற்போயிற்று. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசடைந்தமை தொடர்பான வழக்கில், நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டின் அடிப்படையில் 20 மில்லியன் ரூபா இழப்பீடு விதிக்கப்பட்டது. சூழற் சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு. ஆனால் இழப்பீடு வழங்கப்படுவதால் மாசடைந்த சுண்ணக்கல் தூய்மையாகிவிடுவதில்லை.

5. திட்டங்களும் அவற்றின் எல்லைகளும்

நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளின் அடியிலிருந்த நன்னீர் வில்லையிலிருந்து குடிநீர் பெற்றது. மிகை இறைப்பினால் அங்கும் உவர்நீர் மேலேறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்து மணற்குன்றுகளுக்குள் ஊறவிட்டு அவ்வில்லை மீட்கப்பட்டது. அந்நகருக்கு வற்றாத ஆறொன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. குடாநாட்டுக்கு உள்ளது பருவமழை ஒன்றே.

அப்பருவமழையை ஆறாக்கும் சிந்தனையே நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம். கனகராயன் ஆறு வந்து விழும் ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர்த் தேக்கமாக்குதல், அங்கிருந்து முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், பின்னர் உப்பாற்றுக் கடனீரேரிக்கும் நீரைக் கொண்டுசெல்லுதல், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் கடல்நீரைத் தடுத்தல் என்பன அதன் கூறுகள். சில பகுதிகள் கட்டப்பட்டன. முழுத் திட்டம் நிறைவுறவில்லை. இதன் சிறப்பு, நீரை வீடுகளுக்குக் கொண்டுசெல்வதற்கு முன்னர் நிலத்துக்குக் கொண்டுசெல்ல முனைந்தமையாகும்.

பிற்காலத் திட்டங்கள் குழாயை மையமாகக் கொண்டன. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் முயற்சியைக் கிளிநொச்சி விவசாயிகள் தமது சிறுபோகம் பாதிக்கப்படும் என அஞ்சி எதிர்த்தனர். அதற்கு மாற்றாக, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது. இத்தகைய தொழில்நுட்பத்தில் ஒரு கனமீற்றர் நீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோவாற்று மணி மின்சாரம் தேவைப்படும். அதாவது, முழு அளவில் இயங்கும்போது நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகு வரை செலவாகும்.

குடிநீர் உடனடித் தேவை; அதனை மறுக்க எவராலும் இயலாது. எனினும் இரு விளைவுகள் எண்ணிப்பார்க்கத்தக்கன. முதலாவது, குழாய்வழி வீட்டுக்கு வரும் நீரின் பெரும்பகுதி கழிவுநீராகக் குழிகளின் வழியே மீண்டும் அதே வில்லைக்குள் இறங்கும். கழிவுநீர் ஏற்பாடின்றி நீர்வழங்கலை மட்டும் பெருக்குவது மாசையும் பெருக்கக்கூடும். இரண்டாவது, கிணற்றைப் பருகுவதை விட்ட சமூகம் அதனைக் காக்கும் அக்கறையையும் விட்டுவிடக்கூடும். தோட்டங்களோ தொடர்ந்து கிணற்றையே நம்பியிருக்கும்.

6. வில்லையே அலகு

1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நீர்வளச் சபையும், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் தோன்றின. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்வழி மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவாயிற்று. குளங்கள் ஒரு திணைக்களத்திடமும், தடுப்பணைகள் இன்னொன்றிடமும், கட்டட அனுமதி உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பணி உண்டு. நன்னீர் வில்லையின் வரவுசெலவுக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை.

ஆகவே வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளின் நிலத்தடி நீர்ப்பரப்பு ஒவ்வொன்றையும் தனித்தனித் திட்ட அலகாகக் கொள்ளுதல் வேண்டும். பருவமழை முடிவிலும் கோடை இறுதியிலும் குறித்த கிணறுகளின் நீர்மட்டம், உவர்த்தன்மை, நைத்திரேற்று ஆகியன அளக்கப்பட்டு, முடிவுகள் ஊர்தோறும் வெளியிடப்படல் வேண்டும். மழைநீர் மிகுதியாக இறங்கும் நிலங்களில் அகழ்வும் கட்டடமும் கட்டுப்படுத்தப்படல் வேண்டும். சிறு குளங்களைத் தூர்ப்பது தடைசெய்யப்பட்டு, அவை தூர்வாரப்படல் வேண்டும். உர அளவு மண் சோதனையோடு இணைக்கப்படுவதும், குழிகள் மூடிய தொட்டிகளாக மாற்றப்படுவதும் இவற்றோடு சேர்ந்தே நிகழ வேண்டியவை. இவற்றை மேற்பார்வை செய்யும் சபையில் விவசாயிகளுக்கு இடம் இருத்தல் இன்றியமையாதது. இறைப்பைக் குறைக்கும்படி கேட்கப்படுபவர்கள் அவர்களே.

7. முடிவுரை

பங்குக் கிணற்றின் முறை ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டிருந்தது: ஒருவர் எடுக்கும் நீர் மற்றவருக்கு இல்லாமற் போகும். அவ்வுண்மை ஒரு கிணற்றின் பங்காளிகளுக்கு மட்டும் உரியதன்று, குடாநாடு முழுவதற்கும் உரியது என்பதை நிலவியல் காட்டுகிறது. பங்காளிகளின் தொகை பெருகியுள்ளதே தவிர, கிணறு ஒன்றே. அதற்கேற்ற முறையை வகுப்பதற்கு வேண்டிய அறிவு இன்று உள்ளது. உவர்நீர் மேலேறிய வில்லையை மீட்க அம்ஸ்ரர்டாமுக்கு ஓர் ஆறு தேவைப்பட்டது. அத்தகைய ஆறு இல்லாத நிலத்துக்குக் காலந்தாழ்த்தும் உரிமை இல்லை.