முடியைவிட மெல்லிசா ஓர் இடைவெளி!

புராஜெக்ட்டுக்காகப் பழைய மாருதி 800 என்ஜினைப் பிரிச்சு வெச்சிருக்கீங்களா? 796 சிசி, மூணு சிலிண்டர், குட்டி என்ஜின்தானேன்னு பேரிங்கை அசால்ட்டா மாட்டிடாதீங்க!

என்ஜின் ஓடுறப்ப கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கை உரசிட்டுச் சுத்துறதில்லை பாஸ். நடுவுல இருக்கிற ஆயில் படலத்துல மிதக்குது. அந்த இடைவெளி தலைமுடியோட தடிமனைவிடக் குறைச்சல். ஒரு மணல் துகள் புகுந்தாலே பேரிங் காலி!

அதனால, பேரிங் ஷெல்லோட முதுகும் அது உட்காருற இடமும் சுத்தமா, ஆயில் இல்லாம காய்ஞ்சு இருக்கணும். ஷெல் ஓட்டையும் பிளாக்கோட ஆயில் ஓட்டையும் நேருக்கு நேர் வரணும். இல்லைன்னா பேரிங் பட்டினி! கேப்களை இடம் மாத்தவே கூடாது.

அடுத்து, அளவு. பிளாஸ்டிகேஜ்னு மெழுகு நூல் மாதிரி ஒண்ணு கிடைக்கும். அதுல ஒரு துண்டை கிராங்க் மேல வெச்சு, மேனுவல் சொல்ற டார்க்ல கேப்பை டைட் பண்ணுங்க. கிராங்க்கைச் சுத்தாம கழட்டுங்க. நூல் அகலமா நசுங்கியிருந்தா இடைவெளி கம்மி. ஒல்லியா இருந்தா அதிகம். கவர்ல இருக்கிற ஸ்கேலோட ஒப்பிட்டா கணக்கு கரெக்ட்டா தெரிஞ்சுடும். கிராங்க்கைக் கிரைண்டிங் பண்ணியிருந்தா, 0.25 மி.மீ., 0.50 மி.மீ.னு அதுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங்தான் போடணும்.

கடைசியா, நூலைத் துடைச்சுட்டு, ஷெல்லோட உள்பக்கம் ஆயில் தடவி, ஒவ்வொரு கேப்பா டைட் பண்ணிக் கையால சுத்திப் பாருங்க. எந்த கேப்ல இறுகுதோ, சிக்கல் அங்கதான். ஸ்டார்ட் பண்ணின பிறகு ‘டக் டக்’னு கேட்டா, மொத்த என்ஜினையும் மறுபடி இறக்கணும். அதுக்கு இந்தப் பொறுமை எவ்வளவோ தேவலை!