நாற்பது வயதில் களம் இறங்குகிறீர்களா? முதலில் கெண்டைக்காலைக் கவனியுங்கள்

மாலை ஏழு மணிக்கு மேல் உள்ளரங்க பேட்மிண்டன் கோர்ட்டுகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அலுவலகத்திலிருந்து நேரே வருபவர்கள் ஷூ லேஸைக் கட்டிய கையோடு களத்தில் இறங்கிவிடுகிறார்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது வார்ம்-அப் செய்து நேரத்தை வீணாக்க யாருக்கு மனம் வரும்? பகல் முழுக்க நாற்காலியில் மடங்கிக் கிடந்த கால்கள், அடுத்த நிமிடமே குதிக்கவும் பாயவும் வேண்டியிருக்கிறது. உடல் உழைப்பே இல்லாதவர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நன்றாக ஓடியாடுகிறவர்களுக்கு ஏன் அடிபடுகிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம்.

பின்னாலிருந்து உதைத்தது யார்?

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைப்பது அக்கிலிஸ் தசைநாண். உடலிலேயே மிகத் தடித்த, வலுவான தசைநாண் இதுதான். ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை இதன்மேல் விழுகிறது. ஆனால் குதிகாலுக்குச் சற்று மேலே, சில சென்டிமீட்டர் நீளத்துக்கு இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பின்னோக்கி ஓடிய ஆட்டக்காரர் சட்டென்று காலை ஊன்றி முன்னால் பாய்கிறார். ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார், அங்கே யாருமில்லை. தசைநாண் அறுந்தவர்கள் பலரும் மருத்துவரிடம் சொல்வது இதைத்தான். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும், எப்போதாவது விளையாடும் ஆண்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

பிரேக் போடும் தசை

முப்பது வயதைத் தாண்டியபின், பயிற்சி இல்லாத உடலில் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. நடப்பதற்கும் படியேறுவதற்கும் மிச்சமிருப்பது போதும் என்பதால் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. பாயும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் தெரியும்.

தசை சுருங்கி உடலை உந்தும்போது காயம் ஏற்படுவது குறைவு. நீண்டுகொண்டே உடலின் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும்போதுதான் ஆபத்து அதிகம். வேகமாக ஓடுபவருக்குத் தொடையின் பின்தசை கிழிவதும் அப்படித்தான். முன்னே வீசிய கால் தரையைத் தொடும் முன் அதை இழுத்து நிறுத்த வேண்டியது அந்தத் தசை. அதற்கு வலு போதாவிட்டால் கிழிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மீண்டும் விளையாடத் தொடங்கியவருக்குச் சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். தசையும் பின்னாலேயே தேறும். ஆனால் தசைநாண் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். ‘பழைய ஃபார்ம் வந்துவிட்டது’ என்று தோன்றும் நேரத்தில் அது இன்னும் தயாராகியிருக்காது. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தசைநாண் விறைத்துப்போவதும் உண்டு. அவர்கள் கூடுதல் நிதானத்தோடு தொடங்க வேண்டும்.

மூட்டு மடங்காவிட்டால்?

குதித்து இறங்கும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்றும் மடங்கி அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கணுக்கால் சரியாக மடங்காவிட்டால் அதன் பங்கும் முழங்காலின் தலையில் விழுகிறது. முழங்கால் உள்பக்கம் சரிந்து, அதன் நார்கள் இழுபடுகின்றன. என்றோ பட்ட சுளுக்கைச் சரியாகக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இந்த விறைப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும். அவர்களுக்கு வலியே இருக்காது என்பதால் சந்தேகமும் வராது. மூட்டு அளவுக்கு மீறி வளைபவர்களுக்கோ, அதைக் கட்டுப்படுத்தும் தசை வலிமை இன்னும் அதிகமாகத் தேவை.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள்

முதலாவது, சுவர்ச் சோதனை. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். கால் பெருவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றாலோ, இரண்டு கால்களுக்கும் இடையே நன்றாக வித்தியாசம் தெரிந்தாலோ கணுக்கால் விறைத்திருக்கிறது.

இரண்டாவது, குதிகாலை உயர்த்துவது. ஒற்றைக்காலில் நின்று, தடுமாறாமலிருக்கச் சுவரில் விரல் நுனியை மட்டும் வையுங்கள். முழங்காலை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். உயரம் குறையத் தொடங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். ஆரோக்கியமானவருக்கு 25 முறை என்பது மருத்துவத்தில் நெடுநாளாகப் பழகிய கணக்கு. நாற்பதைத் தாண்டியவர் 20ஐத் தொட்டால் நல்லது. பத்திலேயே கால் நடுங்கினால், ஸ்மாஷுக்கு முன் பயிற்சிதான் முக்கியம்.

நீட்டினால் மட்டும் போதாது

காலை நீட்டி மடக்கினால் அடிபடாது என்பது பரவலான நம்பிக்கை. 26,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 25 ஆய்வுகளைத் தொகுத்து, 2014இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்ததாக அது கூறியது. வெறும் நீட்டல் பயிற்சியால் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது வலிமைப் பயிற்சி தேவை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

இதற்கு ஜிம் தேவையில்லை, படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக்காலால் மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 15 முறை, மூன்று சுற்று. சில சுற்றுகளை முழங்காலைச் சற்று மடக்கிச் செய்தால் கெண்டைக்காலின் உள்தசைக்கும் வேலை கிடைக்கும். உடன் ஸ்குவாட், லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி எழுவது) பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெல்லோட்டம், லஞ்ச், சிறு குதிப்புகள் போதும். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பது அதன் வலுவைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பதால் அதை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டுவிட்டால்

கணுக்கால் பிசகி நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே அவசியம். அக்கிலிஸ் அறுந்ததாகச் சந்தேகம் வந்தால், குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் கெண்டைக்காலைக் கையால் அழுத்துங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நடக்க முடிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். புதுக் காயத்தை எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாண் அறும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. அவற்றைச் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேல் வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பல மாத இடைவெளிக்குப் பிறகு விளையாடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மூன்று மாதம் ஆட்ட நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். படிக்கட்டுப் பயிற்சியில் மட்டும் ஒரு சுற்றைக்கூடக் குறைக்காதீர்கள்.