லினக்ஸ் போட்டதும் வைஃபை காணாம போச்சா? லேப்டாப்பை ஓரம்கட்டும் முன் இதைப் படிங்க!

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று பார்த்தால், டிபிஎம் 2.0 வேணும், புதிய தலைமுறை பிராசஸர் வேணும் என்று அது கேட்கிறது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் இது எதுவும் இல்லை. புதுசு வாங்கக் கையில் காசும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பலரும் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். காசு கொடுக்க வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். பென் டிரைவில் ஏற்றி, அரை மணி நேரத்தில் இன்ஸ்டால் செய்தாச்சு. ஸ்கிரீன் வருது, கீபோர்டு வேலை செய்யுது, பாட்டு கேட்குது. ஆனால் மேல் மூலையில் வைஃபை சின்னத்தை மட்டும் காணோம்!

இன்டர்நெட் இல்லாத லேப்டாப்பை வைத்து என்ன செய்வது? ஆன்லைன் வகுப்பும் நடக்காது, வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. 'லினக்ஸ் நமக்குச் சரிப்பட்டு வராது' என்று பலர் பாதுகாப்பு அப்டேட் இல்லாத பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் லேப்டாப்பில் எந்தப் பழுதும் இருக்காது. ஒரு சின்ன ஃபைல் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

வைஃபை வேலை செய்ய என்னென்ன தேவை?

மூன்று விஷயங்கள் தேவை. முதலாவது, லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை சிப். இது வன்பொருள். சிக்னலை அனுப்புவதும் வாங்குவதும் இதன் வேலை.

இரண்டாவது, டிரைவர். ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்வதை சிப்புக்குப் புரிய வைக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று இதை வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள், அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வரும். தனியாக சிடி போட்டு ஏற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, ஃபர்ம்வேர். சிப்புக்குள்ளேயே ஓடும் குட்டி மென்பொருள் இது. இன்றைய சிப்கள் பலவற்றில், லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டிரைவர் இந்த ஃபைலை எடுத்து சிப்புக்குள் ஏற்ற வேண்டும். அந்த ஃபைல் இல்லையென்றால், சிப் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

லினக்ஸில் மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் தேவையான டிரைவர் எல்லாவற்றையும் தயாரிப்பு நிறுவனமே ஏற்றிக் கொடுத்துவிடுகிறது. அதனால் வாங்குபவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. லினக்ஸில் டிரைவரை சிப் நிறுவனம் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் தன்னார்வலர்கள் எழுத வேண்டும்.

டிரைவரை வெளியில் இருப்பவர்கள் எழுதிவிடலாம். ஆனால் ஃபர்ம்வேர் அப்படியில்லை. அதன் மூல நிரலைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் சிக்னல் அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. அதைக் கட்டுப்படுத்துவதில் ஃபர்ம்வேருக்கும் பங்கு இருப்பதால் நிறுவனங்கள் அதைத் திறந்து காட்டத் தயங்குகின்றன.

மூல நிரல் இல்லாத ஒன்றை, திறந்த மூல அமைப்புக்குள் சேர்க்கலாமா? 1993ல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டத்தில் இந்த விவாதம் பல வருஷம் ஓடியது. அதனால் டெபியனின் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் இத்தகைய ஃபர்ம்வேர் சேர்க்கப்படாமலேயே இருந்தது. பல லேப்டாப்களில் இன்ஸ்டால் செய்யும்போதே வைஃபை வராது. கடைசியில் 2022ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரையும் சேர்த்துத் தரலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். சிடாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

எந்த நிறுவன சிப் என்றால் தலைவலி?

இன்டெல்: பெரும்பாலும் தொந்தரவு இல்லை. டிரைவரை நிறுவனமே எழுதி கெர்னலில் சேர்க்கிறது. ஃபர்ம்வேரும் உபுண்டு, மின்ட் போன்றவற்றில் கூடவே வந்துவிடும்.

ஏதெராஸ்: 2008ல் இந்த நிறுவனமே திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. அந்தக் காலத்து ஏதெராஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால் அதிர்ஷ்டம்தான். தனி ஃபர்ம்வேர் ஃபைல்கூடத் தேவைப்படாது. 2011ல் இந்த நிறுவனத்தை குவால்காம் வாங்கியது. அதன் பிறகு வந்த புதிய சிப்களுக்கு ஃபர்ம்வேர் வேண்டும்.

ரியல்டெக், மீடியாடெக்: இங்கே கெர்னல் எவ்வளவு புதுசு என்பது முக்கியம். உதாரணத்துக்கு, மீடியாடெக் எம்டி7921 சிப்புக்கான ஆதரவு 2021ல் வந்த கெர்னல் 5.12ல்தான் சேர்ந்தது. ரியல்டெக் 8852ஏஇ சிப்புக்கு 2022 ஜனவரியில் வந்த 5.16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புது லேப்டாப்பில் பழைய லினக்ஸைப் போட்டால் வைஃபை வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

பிராட்காம்: அதிகப் புகார் வருவது இங்கேதான். பழைய மேக்புக்குகளிலும் வேறு பல லேப்டாப்களிலும் இந்த சிப் உண்டு. நிறுவனம் தகவல் தராத காலத்தில், தன்னார்வலர்கள் சிப் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்து அவர்களே டிரைவர் எழுதினார்கள். 2010ல்தான் பிராட்காம் சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. மற்ற பலவற்றுக்கு இன்றும் தனி டிரைவரை நாமே ஏற்ற வேண்டும்.

வைஃபை டிரைவர் இறக்க இன்டர்நெட் வேணுமே, என்ன செய்வது?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வைஃபை வர டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்!

இதற்கான தீர்வு உங்கள் கையில் இருக்கும் மொபைலிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிள் மூலம் லேப்டாப்பில் இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் இதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பொதுவாக இதற்கு எந்த டிரைவரும் தனியாகத் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவான கேபிளில் இது நடக்காது. டேட்டாவும் போகிற கேபிள் வேண்டும். போன் ஏற்கெனவே வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான போன்களில் அந்த இணைப்பே லேப்டாப்புக்கும் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. வீட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் செருக முடிந்தால் இன்னும் சுலபம்.

படிப்படியாக என்ன செய்யலாம்?

1. முதலில் வைஃபை ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், காரணம் பல நேரம் இதுதான். சில லேப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட பட்டன் இருக்கும்.

2. சிப் எது என்று கண்டுபிடியுங்கள். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருக்கும் வரியில் நிறுவனத்தின் பெயரும் சிப்பின் எண்ணும் இருக்கும். யாரிடம் உதவி கேட்டாலும் லேப்டாப் மாடலைச் சொல்வதைவிட இந்த எண்ணைச் சொல்வதுதான் பலன் தரும். ஒரே மாடல் லேப்டாப்பில் வேறு வேறு வைஃபை சிப் வருவது சகஜம்.

3. போன் மூலம் இன்டர்நெட் கொடுத்த பிறகு சிஸ்டத்தை முழுசாக அப்டேட் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய கெர்னலும் ஃபர்ம்வேரும் வந்தாலே பல லேப்டாப்களில் வைஃபை தானாக வந்துவிடும்.

4. அப்படியும் வரவில்லையா? உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்று ஒரு வசதி இருக்கும். அதைத் திறந்தால் உங்கள் சிப்புக்குத் தனி டிரைவர் இருக்கிறதா என்று அதுவே தேடிக் காட்டும். பிராட்காம் சிப்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் தீர்வு கிடைக்கும்.

5. தனி டிரைவர் ஏற்றும்போது ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத் திரை வரும். பயந்து தள்ளிவிடாதீர்கள்! 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதி, கையெழுத்து சரிபார்க்கப்படாத டிரைவரை உள்ளே விடாது. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்வு செய்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவர் வேலை செய்யும். அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டு, 'டிரைவர் போட்டும் வைஃபை வரல' என்று குழம்புபவர்கள் நிறைய.

6. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது. வைஃபை கார்டும் பாதி தூக்கத்திலேயே இருக்கும். லினக்ஸால் அதை எழுப்ப முடியாமல் போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் இந்த வசதியை ஆஃப் செய்யுங்கள்.

நேற்று வரை வந்த வைஃபை இன்று இல்லையே?

கெர்னல் அப்டேட் ஆகியிருக்கலாம். கெர்னலோடு வரும் டிரைவர் என்றால் பிரச்சினை குறைவு. வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர் என்றால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை மறுபடி தயார் செய்ய வேண்டும். இது தானாக நடக்கும், ஆனால் சில நேரம் தோற்றுப் போகும்.

பதற வேண்டாம். பழைய கெர்னல் அழிந்திருக்காது. லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்வு செய்தால் வைஃபை திரும்ப வந்துவிடும். டிரைவர் சரியாகும் வரை அதிலேயே ஓட்டலாம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்?

இரண்டு வழி இருக்கு. ஒன்று, யுஎஸ்பி வைஃபை அடாப்டர். ஆனால் வாங்கும் முன் உள்ளே இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். ஒரே பெயர், ஒரே டப்பா, ஆனால் வெர்ஷன் மாறினால் உள்ளே வேறு சிப் இருக்கும். 'லினக்ஸ் சப்போர்ட்' என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தனி டிரைவர் ஏற்றச் சொல்லாமல், கெர்னலிலேயே ஆதரவு உள்ள சிப்பா என்று பாருங்கள்.

இன்னொன்று, லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டையே மாற்றுவது. கார்டு மதர்போர்டோடு ஒட்டப்படாமல் இருந்தால் இது சாத்தியம். இங்கேயும் ஒரு எச்சரிக்கை: இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் ஏஎக்ஸ்211 அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே ஓடும். ஒரு எண் மாறினால் காசு வீண். சில பழைய லேப்டாப்கள், தயாரிப்பாளர் அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். உபுண்டு, மின்ட் போன்றவற்றை இன்ஸ்டால் செய்யாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். 'ட்ரை' என்ற வசதியைத் தேர்வு செய்து, வைஃபை வருகிறதா, ஒரு வீடியோ தடங்கலின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்கும் உங்கள் போட்டோக்களுக்கும் இதனால் எதுவும் ஆகாது.

வைஃபை வந்தால் தைரியமாக இன்ஸ்டால் செய்யலாம். வராவிட்டால் சிப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, போன் கேபிளைத் தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'தேர்டு பார்ட்டி' மென்பொருள் ஏற்றலாமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறந்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் சோதித்துவிட்டால், இன்னும் சில வருஷம் உழைக்கக்கூடிய லேப்டாப்பைப் பழைய சாமான் கடைக்குப் போட வேண்டிய நிலை வராது.