1941-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு இசை

துன்பம் வந்துற்ற காலத்துப் பாட்டு எற்றுக்கு என வினவுவார் பலர். விடை காண விழைவோர், 1941-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு இசை எய்திய நிலையைச் சிறிது நோக்குவாராக.

அவ்வாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகர்மீது குண்டுமாரி பொழிந்தன. பொதுமக்கள் விரும்பும் மெல்லிசையும், கற்றோர் போற்றும் உயரிசையும் ஒருங்கே அல்லலுற்றன. மார்ச்சு 8-ஆம் நாளிரவு 'கபே டி பாரிஸ்' என்னும் நடன விடுதியிற் குண்டு வீழ, ஆங்கு வாத்தியக் குழுவை நடத்திய கென் ஜான்ஸன் என்னும் 26 வயது இளைஞர், வேறு பலரோடு மாண்டார். ஏப்ரல் 17-ஆம் நாள், இசைத்தட்டுக்களாற் புகழ்பெற்ற பாடகர் அல் பௌலி குண்டுவீச்சில் உயிர் நீத்தார். மே 10-ஆம் நாள் பிற்பகல், குவீன்ஸ் ஹால் என்னும் இசைமண்டபத்தில் எல்கர் இயற்றிய 'ஜெரான்ஷியஸின் கனவு' பாடப்பெற்றது. அன்றிரவே தீக்குண்டொன்றால் அம்மண்டபம் எரிந்து சாம்பராயிற்று. வித்துவான்கள் ஆங்கு வைத்துச் சென்ற வாத்தியங்கள் பலவும் அழிந்தன. 1895 முதல் ஹென்றி வுட் என்பார் எளியோரும் கேட்டு மகிழுமாறு கோடைதோறும் கச்சேரிகள் நடத்திவந்த இடம் அதுவே.

எனினும் இசை நின்றிலது. வாத்தியம் இழந்தார்க்குப் பொதுமக்கள் தம்முடையவற்றை உவந்தளித்தனர். அக்கோடையிலேயே வுட்டின் கச்சேரிகள் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தொடர்ந்தன. இடிபாட்டினின்று மீட்கப்பெற்ற அவருடைய மார்பளவுச் சிலை, பிற்காலத்தும் கச்சேரிப் பருவந்தோறும் அம்மேடையில் வைக்கப்பெறுகின்றது.

ஓவியங்கள் காப்பிடத்திற்கு அகற்றப்பட்டமையால் வெறுமையுற்ற தேசிய ஓவியசாலையில், பியானோ வல்லுநராகிய மைரா ஹெஸ் அம்மையார் 1939-இல் தொடங்கிய நண்பகற் கச்சேரிகள் அவ்வாண்டிலும் இடையறாது நடந்தன. கட்டணம் ஒரு ஷில்லிங்கே. பகைநாட்டிற் பிறந்த பாக், பீத்தோவன் ஆகியோரின் இசையும் ஆங்கு ஒலித்தது என்பது கருதற்பாலது. 1946-இல் முடிவுறும்வரை நிகழ்ந்தவை 1698 கச்சேரிகளாம்.

நவம்பரில் வீரா லின் என்னும் பாடகி, தொலைவிலிருந்த போர்வீரர்களுக்கென வானொலியிற் பாடத் தொடங்கினார். உருக்கமான பாடல்கள் வீரரின் உறுதியைக் குலைக்குமென அதிகாரிகள் சிலர் அஞ்சினர். வீரரோ அவற்றையே விரும்பிக் கேட்டனர்.

இவற்றால் அறியத்தக்கது யாது? உணவும் உடையும் அளந்து வழங்கப்பட்ட அந்நாளில், தம் உணவு வேளையையும் ஒரு ஷில்லிங்கையும் இசைக்கு ஈந்த மக்கள், அதனை வாழ்விற்கு இன்றியமையாததாகவே கருதினர். பாட்டு எற்றுக்கு என்னும் வினாவிற்கு அவர்தம் செயலே விடையாகும்.