பல் டாக்டரின் பதிவு எண்

பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குப் பல் போனபோது சொல் போகவில்லை. கல்யாணம்தான் போகப் பார்த்தது.

1986-ஆம் வருஷம். மத்திய ரயில்வேயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக, அதாவது தண்டவாளப் பராமரிப்புப் பார்ப்பவனாக இருந்தேன். கோகுலாஷ்டமி முடிந்து ஊரிலிருந்து அம்மா அனுப்பிய சீடை டப்பா வந்து சேர்ந்தது. முதல் சீடையிலேயே மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக முறிந்து கையில் வந்தது. இன்னும் பதினைந்தே நாளில் கும்பகோணத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் லீவு, ஆறு மணி நேரப் பயணம். பஜாரிலோ, கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை அடுக்கி, வாசலில் பெரிய தாடை ஒன்றை வரைந்து வைத்திருந்த கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. போனேன்.

அவர் முறிந்த பல்லின் வேரை எடுக்கவில்லை. மேலே ராவிவிட்டு, ஒரு பொய்ப்பல்லை வைத்து, ரோஜா நிறப் பொடியையும் ஒரு திரவத்தையும் குழைத்து, இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களோடு சேர்த்துப் பூசிவிட்டார். இறுகும்போது வாய் சுட்டது. "சூடு இருந்தால்தான் பிடிக்கும்" என்றார். 150 ரூபாய். கண்ணாடியில் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. பெண் வீட்டாருக்கும் பிடித்துவிட்டது.

இரண்டு மாதத்தில் ஈறு வீங்கி, துர்நாற்றம் வந்து, காய்ச்சலும் வந்தது. ரயில்வே ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் அந்தப் பூச்சை வெட்டி எடுத்தபோது பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் ஈறுக்குள் அழுத்தியிருக்கிறது. அதன் அடியில் புகுந்த உணவுத் துணுக்கை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. ஒரு பல்லைக் காப்பாற்றப் போய் மூன்றைக் கொடுத்தேன். பெண் பார்க்க வந்தபோது இருந்த பல் முகூர்த்தத்தன்று இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்களுக்குப் பல் கட்டியவரின் பதிவு எண் என்ன?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் என் உத்தியோகமே அந்தக் கேள்விதான். இரண்டு தண்டவாளங்களைத் தெர்மிட் முறையில் உருக்கி ஒட்டும்போது, ஒவ்வொரு ஒட்டின் மேலும் மாதம், வருஷம், வெல்டரின் குறியீட்டு எண் எல்லாம் பதிக்கப்படும். தகுதிச் சான்றிதழ் இல்லாத வெல்டரைத் தண்டவாளத்தில் கை வைக்க விடமாட்டோம். பின்னால் ஒரு ஒட்டு விரிந்தால் யார் கை என்று தெரிந்துவிடும். இரும்புக்கு இத்தனை கேட்டவன், என் வாய்க்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு இந்தப் பதிவு எண் விவகாரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். சமீபத்தில் நண்பர் ஒருவர் வீட்டு விஷயமாக மறுபடியும் புரட்ட வேண்டி வந்தது. நம்மவர் பலருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நம் நாட்டில் பல் வைத்தியத்துக்குத் தனிப் படிப்பும் தனிச் சட்டமும் வேண்டும் என்று முதலில் பாடுபட்டவர் கல்கத்தாவின் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, 1920-இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1939-இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் நாடு முழுமைக்குமாக 1948-இல் பல் மருத்துவர்கள் சட்டம் இயற்றப்பட்டது. மறு வருஷம் டில்லியில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

1948 சட்டத்தில் வேலைப் பிரிவினை இப்படி இருந்தது. எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும், என்ன பாடத்திட்டம் என்பது அகில இந்தியக் கவுன்சிலின் பொறுப்பாக இருந்தது. யார் தொழில் செய்யலாம் என்ற பதிவேட்டை வைத்துக்கொள்வது மாநிலக் கவுன்சில். மாநிலக் கவுன்சிலில் பல் மருத்துவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும், கல்லூரித் தலைவர்களும், அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் இருந்தார்கள். பி.டி.எஸ். பட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது. நாலு வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் முடித்து, மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறி, எண் வந்த பிறகுதான் நோயாளியின் வாயில் கை வைக்கலாம்.

சட்டம் வந்த நாளில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. அப்போது கல்லூரியில் படித்த பல் டாக்டர்கள் மிகச் சொற்பம். பரம்பரையாகத் தொழில் செய்தவர்கள்தான் ஊரெல்லாம் இருந்தார்கள். கல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்குப் பல் கட்டுவதே குலத்தொழில். அவர்களையெல்லாம் ஒரே நாளில் தெருவில் நிறுத்த முடியுமா? அதனால் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பட்டம் பெற்றவர்கள் ஏ பிரிவு. பட்டம் இல்லாவிட்டாலும் குறைந்தது ஐந்து வருஷம் இதையே முக்கிய ஜீவனமாகச் செய்தவர்கள் பி பிரிவு. பிற்பாடு 1972-இல் சட்டத்தைத் திருத்தி, பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்தார்கள். தாயகம் திரும்பிய நம் ஜனங்களின் பாடு தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

பி பிரிவில் இருந்தவரும் சட்டப்படி பல் மருத்துவர்தான். தப்பு அங்கே இல்லை. அந்தக் கதவு மூடி எத்தனையோ காலம் ஆன பிறகும், எந்தப் பிரிவிலும் இல்லாமல் போர்டு மாட்டியவர்கள்தான் ஆபத்து. என் பல்லைக் கட்டியவர் அந்த ரகம்.

இன்னும் இரண்டு வகையினருக்கும் பதிவு உண்டு. பல்லைச் சுத்தம் செய்து தரும் ஹைஜீனிஸ்ட், பல் செட் தயாரிக்கும் மெக்கானிக். மெக்கானிக்கின் வேலை, டாக்டர் எடுத்துக்கொடுக்கும் அளவுக்குச் செட் செய்து கொடுப்பது. அவரே நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து வைத்தியம் பார்க்கலாகாது. வேடிக்கையான விலக்கு ஒன்றும் 1948 சட்டத்தில் இருந்தது. அவசரமாகப் பல்லைப் பிடுங்க வேண்டும், பதிவுபெற்ற டாக்டர் யாரும் கிடைக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். ஆனால் மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ போடக்கூடாது! எங்கள் கேங்மேன்கள் ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுத்ததெல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பதிவில்லாமல் தொழில் செய்தால் என்ன தண்டனை? 1948 சட்டத்தில் முதல் தடவைக்கு அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். மறுபடியும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்னிடம் வாங்கிய 150 ரூபாய்க் கணக்கில் நாலு பேருக்குப் பல் கட்டினால் முதல் அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

இப்போது நண்பர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

டோம்பிவிலியில் இருக்கும் நண்பரின் மகனுக்கு 2022-இல் சென்னையில் கல்யாணமாயிற்று. மருமகள் பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு வருஷம் அங்கே தொழில் பார்த்தவள். இங்கே வந்த மறு வாரமே ஒரு கிளினிக்காரர், "நாளைக்கே வந்து வேலையைத் தொடங்குங்கள், பேப்பரெல்லாம் மெதுவாக வரட்டும்" என்று கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பதிவை மகாராஷ்டிரக் கவுன்சிலுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் என்றாள். மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பம், மாமனாருக்குப் பொறுக்கவில்லை. பொங்கல் விழாவில் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் பெரியவர், ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்" என்றார்.

நானும் என் அனுபவத்தையெல்லாம் மறந்துவிட்டு, "ஏம்மா, சென்னையில் இருக்கிற பல்தானே மும்பையிலும்? எதற்கு இத்தனை பிடிவாதம்?" என்று கேட்டுவைத்தேன்.

"மாமா, மெட்ராஸ்லேர்ந்து வந்த டிரைவரை, கசாரா மலைப்பாதையில ரோடு கத்துக்கிட்டதா கையெழுத்துப் போடாம வண்டி ஓட்ட விட்டிருப்பீங்களா?" என்றாள். அவள் அப்பாவும் ரயில்வேயாம். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். ஒரு மாநிலத்தில் பதிவானவர் வேறு மாநிலத்தில் தொழில் செய்தால், பதிவை அங்கே மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய கவுன்சிலிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்றும், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்றும் கடிதம் வாங்கவேண்டும். புதிய கவுன்சிலில் விண்ணப்பம், கட்டணம், அசல் சான்றிதழ்கள். இது வெறும் காகித விளையாட்டு அல்ல. நாளை ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகி விவகாரம் வந்தால், எந்தக் கவுன்சில் விசாரிப்பது என்பது இதைப் பொறுத்தது. ஒரு மாநிலத்தில் தவறு செய்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மாநிலத்தில் புது போர்டு மாட்டாமல் தடுப்பதும் இதுதான்.

அவளுக்குத் தாமதம் ஆனது வேறொரு காரணத்தால். அது நம்மவர்களுக்கே உரிய கஷ்டம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பட்டத்தில் அவள் பெயர் ஓர் இனிஷியலோடு மட்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கல்யாணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். இங்குள்ள விண்ணப்பத்திலோ பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள் போலத் தெரிய, மூன்றும் ஒருத்தியே என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்து நிரூபிப்பதிலேயே இரண்டு மாதம் போயிற்று. படித்த பெண்ணை வெளிமாநிலத்தில் கட்டிக்கொடுக்கும் பெற்றோர், நகை லிஸ்ட்டோடு சான்றிதழ்களில் உள்ள பெயரையும் ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுவது நல்லது. கல்யாணமான கையோடு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றும் அவசரமும் வேண்டாம். டாக்டர், நர்ஸ், வக்கீல் என்று பதிவு வேண்டிய எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

நோயாளியாகப் போகும் நமக்கு என்ன பிரயோஜனம் என்றால், 2014-இல் திருத்தி வெளியிட்ட நடத்தை விதிகளின்படி பல் டாக்டர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்கவேண்டும். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் அந்த எண் இருக்கவேண்டும். ரசீதில் எண் இல்லையென்றால் மரியாதையாகக் கேட்கலாம், உண்மையான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தேகம் என்றால் மாநிலக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். செலவுதான் தயக்கம் என்றால் மும்பையில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், மாணவர்கள்தான் பார்ப்பார்கள். ஆனால் பக்கத்தில் ஆசிரியர் நிற்பார்.

பதிவுபெற்ற டாக்டரே தவறு செய்தால்? மாநிலக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர் தரப்பையும் கேட்ட பிறகு, கவுன்சில் அவர் பெயரைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் நம் பணத்தை வாங்கித் தருவது கவுன்சிலின் வேலையல்ல. அதற்கு நுகர்வோர் மன்றம் இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்பது கஷ்டம். எனக்கு 1986-இல் ரசீதும் இல்லை, எண்ணும் இல்லை. பதிவேட்டிலேயே இல்லாதவர் பெயரை எதிலிருந்து நீக்குவது?

1948 சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. அகில இந்தியக் கவுன்சிலின் இடத்தில் ஆணையம், அதன் கீழ் படிப்புக்கும் கல்லூரி மதிப்பீட்டுக்கும் நன்னடத்தை மற்றும் பதிவுக்கும் தனித்தனி வாரியங்கள், படிப்பு முடித்ததும் உரிமம் பெற நாடு தழுவிய ஒரு தேர்வு என்று அதில் வகை செய்திருக்கிறார்கள். மாநிலக் கவுன்சில்களும் மாநிலப் பதிவேடும் அதிலும் உண்டு.

நண்பரின் மருமகள் இப்போது டோம்பிவிலியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். போன மாதம் என் மிச்சப் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளப் போனேன். நாற்காலியில் உட்காரும் முன் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் அருகே போய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தேன். பெயர் மூன்று கட்டத்திலும் சரியாக இருந்தது.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா மாமா? வாயைத் திறங்க" என்றாள்.