தச்சன் என்னும் பெயர்

மக்களின் பெயர்கள் பல வழிகளில் தோன்றுகின்றன. தெய்வத்தின் பெயரையோ பாட்டனின் பெயரையோ குழந்தைக்கு இடுதல் நம் நாட்டு வழக்கம். ஊரால் பெயர் பெற்றோரும் உளர்; தொழிலால் பெயர் பெற்றோரும் உளர். மணிமேகலை இயற்றிய சாத்தனாரை 'மதுரைக் கூலவாணிகன்' என்பர். கூலம் என்பது நெல் முதலிய தானியம். அவர் தானிய வணிகர் என்பதை அப்பெயரே அறிவிக்கின்றது. தொழில் பெயராகும் இவ்வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு.

பிரெஞ்சு நாட்டில் 'ஷார்பாந்தியே' என்னும் குடிப்பெயர் வழங்குகின்றது. தச்சன் என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியில் வண்டியைக் குறித்த 'கார்ப்பெந்தும்' என்னும் சொல்லே அதற்கு வேர். முதலில் வண்டி செய்பவனைக் குறித்த சொல், பின்னர் வீட்டிற்கு உத்திரமும் கூரையும் அமைக்கும் தச்சனைக் குறிப்பதாயிற்று. ஆங்கிலேயரிடையே வழங்கும் 'கார்ப்பெண்டர்' என்னும் பெயரும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே.

தொழிற்பெயர் குடிப்பெயரானது எவ்வாறு? முற்காலத்தில் ஒரே ஊரில் 'ழான்' என்னும் பெயருடையோர் பலர் இருந்தனர். அவர்களை வேறுபடுத்தி அறியத் தச்சனாகிய ழான், கொல்லனாகிய ழான் என்று ஊரார் அழைத்தனர். நாளடைவில் அந்த அடைமொழி தந்தையிடமிருந்து மகனுக்கும் வந்தது. 1539-ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர், ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளைப் பதிவேட்டில் எழுதிவைக்க ஆணையிட்டார். ஏட்டில் ஏறிய பெயர்கள் மேலும் நிலைபெற்றன.

ஆயினும், பெயர் நின்றதேயன்றித் தொழில் நிற்கவில்லை. மார்க் அந்துவான் ஷார்பாந்தியே (1643–1704) புகழ்பெற்ற இசையமைப்பாளர். பிரான்சுவா ஷார்பாந்தியே என்னும் அறிஞர், கீழ்த்திசை வாணிகத்திற்குக் குழு ஒன்று அமைக்கவேண்டும் என்று வற்புறுத்தி 1664-இல் நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அமைந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே பின்னர்ப் புதுச்சேரியில் நிலைகொண்டது. நம் காலத்தில் எம்மானுவேல் ஷார்பாந்தியே என்னும் அம்மையார், மரபணுவைத் திருத்தும் முறையைக் கண்டறிந்து, 2020-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவர்களுள் எவர் கையிலும் உளி இல்லை.

புதுச்சேரிக்கு வடக்கே, அதே கடற்கரையில் உள்ளது மாமல்லபுரம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அங்குச் செல்வோர், கடலை அணுகுமுன் பூஞ்சேரி என்னும் சிற்றூரைக் காண்பர். அங்குள்ள பாறை ஒன்றில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. மாமல்லபுரத்தில் பணிபுரிந்த கலைஞர்கள் இவர்களே என்று அறிஞர் கருதுகின்றனர்.

கல்லைச் செதுக்கியவருக்குத் தச்சன் என்னும் பெயர் பொருந்துமோ? பொருந்தும். கல்லில் வேலை செய்வோரைக் கல்தச்சர் என்பது தமிழ் வழக்கு. மேலும், மரத்தில் பழகிய வடிவங்களையே அவர்கள் கல்லில் அமைத்தனர். திரௌபதி தேர் கூரை வேய்ந்த குடிசை போன்றது. பீமன் தேரின் கூரை வண்டிக்கூண்டு போல வளைந்தது. கொல்லனுக்கு அங்கு என்ன வேலை? கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். அதனை உலையில் காய்ச்சிக் கூராக்கித் தருபவன் இல்லையேல் சிற்பியின் கை ஓய்ந்துவிடும். ஆதலின், கொல்லன் பெயரும் தச்சன் பெயரும் ஒரே பாறையில் இடம்பெற்றது தகுதியே.

'பெருந்தச்சன்' என்பது தலைமைத் தச்சனுக்குரிய சிறப்புப் பெயர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகின்றது. மன்னன் தன் பெயரையே தச்சனுக்குச் சூட்டி மதித்தான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் கோயிற் சிற்பிகளின் தலைவரை ஸ்தபதி என்பர். 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. தந்தை மகனுக்குக் கற்பித்துவந்த கலை, அதனால் கல்விக்கூடத்துப் பாடமாயிற்று. அதன் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றியவர் கணபதி ஸ்தபதி (1927–2011). குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி உயரமுள்ள வள்ளுவர் சிலை அவர் வகுத்த வடிவமே. ஷார்பாந்தியே என்னும் பெயர் தச்சுத்தொழிலை விட்டு வேறு துறைகளுக்குச் சென்றது. ஸ்தபதி என்னும் பெயரோ அவர் கையில் உளியுடனேயே இருந்தது.

மாமல்லபுரத்தைக் காணச் செல்லும் மாணவர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து தேர்களையும் கண்டு வியப்பர்; அவற்றைச் செய்வித்த மன்னர் பெயரையும் கேட்டறிவர். அவ்வளவில் திரும்பிவிடாமல் பூஞ்சேரிக்கும் செல்லுதல் வேண்டும். செய்வித்தவர் பெயரை நாடறியும். செய்தவர் பெயரை அந்தப் பாறைதான் காத்துநிற்கின்றது.